எத்தனை வாட் மிக்சி வேண்டும்?

திண்டிவனத்தை அடுத்துள்ள ஊர் ஓமந்தூர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியாரின் ஊர் என்றால் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஊரில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, பத்தாம் வகுப்பு படிக்கும் நீங்கள். வீட்டிலிருந்த பழைய மிக்சி உழைத்துக் களைத்துவிட்டது. மல்லாட்டை விற்ற பணத்தில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவாகிறது. (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்.)

திண்டிவனம் கடைத்தெருவுக்குப் போகிறீர்கள். ஒரு பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அடுத்ததில் 750 வாட். அதற்கடுத்ததில் 1000 வாட். "வாட் கூடக் கூட நல்லா அரைக்கும்" என்கிறார் கடைக்காரர். பக்கத்திலேயே காய் நறுக்கும், மாவு பிசையும் 'புட் பிராசசர்' ஒன்றும் இருக்கிறது. விலையோ அதிகம். அம்மா உங்களைப் பார்த்து, "நீதான் சயின்ஸ் படிக்கிறியே, எது வாங்கலாம்னு சொல்லு" என்கிறார். என்ன சொல்வீர்கள்?

இது சின்னக் கேள்வி அன்று. ஒரு முறை வாங்கினால் பத்து ஆண்டாவது உழைக்க வேண்டிய பொருள் இது. தேவைக்கு மேல் வாங்கினால் பணம் வீண். தேவைக்குக் குறைவாக வாங்கினால் மோட்டார் புகைந்துவிடும். பாட்டி மறுபடியும் அம்மிக்கு முன்னால் உட்கார வேண்டி வரும். நல்ல வேளையாக, இதற்கு விடை காணத் தேவையான இயற்பியல் முழுவதும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை அடுக்களைக்குக் கொண்டு போவோம், வாருங்கள்.

அரைத்தல் என்றால் என்ன?

ஒரு செ.மீ. பக்கமுள்ள தேங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அது ஒரு கனசதுரம். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதை ஒரு மி.மீ. பக்கமுள்ள 1000 துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. ஆகும். 0.1 மி.மீ. வரை அரைத்தால் 600 சதுர செ.மீ.! பொருள் அதே அளவுதான். பரப்பு மட்டும் நூறு மடங்காகிவிட்டது. சுவையும் மணமும் பரப்பின் வழியாகத்தான் வெளிவருகின்றன. முழுதாக இருக்கும்போது அவ்வளவாக மணக்காத மிளகு, பொடித்தவுடன் மூக்கைத் துளைப்பது இதனால்தான்.

இந்தப் பரப்பை உண்டாக்க இரண்டு வழிகள் உண்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் மெதுவாக நசுக்கித் தேய்க்கின்றன. கனமான கல், குறைந்த வேகம். மிக்சியோ மோதி வெட்டுகிறது. மெல்லிய பிளேடு, மிக அதிக வேகம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

நம் வீட்டுக்கு வந்த வழி

ஜாரின் அடியில் பிளேடு சுழன்று கலக்கும் மின்கருவி 1920களில் அமெரிக்காவில் தோன்றியது. பாலையும் ஐஸ்கிரீமையும் கலந்து பானம் தயாரிப்பதுதான் அதன் முதல் வேலை. புட் பிராசசர் பிரான்சு நாட்டில் உணவு விடுதிகளுக்காகப் பிறந்தது. அதை அமெரிக்க வீடுகளுக்கு ஏற்றபடி மாற்றி 1973இல் விற்பனைக்குக் கொண்டு வந்தவர் கார்ல் சொன்தைமர் என்னும் பொறியாளர். இவை எல்லாம் மென்மையான பொருள்களுக்கான கருவிகள். ஊறிய உளுந்தையும் காய்ந்த மிளகாயையும் தேங்காயையும் அரைக்க நேர்ந்தபோது, வெளிநாட்டு மோட்டார்கள் சூடேறித் தவித்தன.

நம் நாட்டில் இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று கோயம்புத்தூரில். ஆட்டுக்கல்லையே மோட்டாரால் சுழற்றும் 'வெட் கிரைண்டரை' 1955இல் பி. சபாபதி என்பவர் உருவாக்கினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் பெற்றது. மற்றொன்று மும்பையில். வெளிநாட்டு மிக்சி நம் சமையலுக்குத் தாங்காததைக் கண்ட சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், வலுவான மோட்டார் கொண்ட 'சுமீத்' மிக்சியை உருவாக்கினார். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கத் தொடங்கியது. அதன் பின் சிற்றூர் வீடுகளிலும் இவை இரண்டும் பழகிய பொருள்களாயின.

மிக்சிக்குள் இருக்கும் மோட்டார்

மின்விசிறியிலும் கிணற்று மோட்டாரிலும் இருப்பது தூண்டல் மோட்டார். நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அதில் நேராக ஓடும் தூண்டல் மோட்டார் எதுவும் நிமிடத்திற்கு 3000 சுற்றுக்கு மேல் போக முடியாது. மோதி வெட்டும் பிளேடுக்கு இந்த வேகம் போதாது. ஆகவே மிக்சியில் வேறு வகை மோட்டாரை வைக்கிறார்கள். அதில் நிலையாக நிற்கும் கம்பிச் சுருளும் சுழலும் கம்பிச் சுருளும் தொடரிணைப்பில் இருக்கும். இரண்டிலும் ஒரே மின்னோட்டம். மாறுதிசை மின்சாரம் திசை மாறும்போது இரண்டு சுருள்களிலும் ஒரே சமயத்தில் மாறுகிறது. ஆதலால் சுழலும் திசை மட்டும் மாறுவதில்லை. சுமையில்லாதபோது இது நிமிடத்திற்கு 18,000 சுற்று வரை, சில சமயம் அதற்கு மேலும் சுழலும்.

18,000 சுற்று என்றால் விநாடிக்கு 300 சுற்று. பிளேடின் நீளம் நடுவிலிருந்து 3 செ.மீ. என்க. ஒரு சுற்றில் அதன் நுனி கடக்கும் தொலைவு 2 × 3.14 × 3 = சுமார் 19 செ.மீ. விநாடிக்கு 300 முறை என்றால் 56 மீட்டருக்கும் மேல். அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர்! ஜாரை அடுக்களையில் வைத்தபடியே, அதன் பிளேடு நுனி திண்டிவனத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் எந்த ரயிலையும் விட வேகமாக ஓடுகிறது.

இந்த வேகத்தில் நுனியின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 10,000 மடங்குக்கு மேல். பிளேடின் ஒரு நுனியில் ஒரே ஒரு கிராம் எடை கூடியிருந்தால், அது அச்சை ஒரு பக்கமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 11 கிலோகிராம் எடைக்குச் சமம். அந்த இழுவை விநாடிக்கு 300 முறை திசை சுற்றி வரும். பிளேடு வளைந்த ஜார் ஏன் அதிர்கிறது, அதன் புஷ் ஏன் சீக்கிரம் தேய்ந்து ஒழுகுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

இந்த மோட்டாருக்கு இன்னொரு குணம் உண்டு. சுமை கூடினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் சுழற்றும் விசை கூடும். இதனால்தான் அது இறுகிய துவையலையும் அரைக்க முடிகிறது. ஆனால் பிளேடு முற்றிலும் நின்றுபோனால், உள்ளே வரும் மின்னாற்றல் அனைத்தும் வெப்பமாக மாறும். சில விநாடிகளில் காயில் எரிந்துவிடும். இதைத் தடுக்கத்தான் மிக்சியின் அடியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. சுமை மிஞ்சினால் அது துள்ளி வெளியே வந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பொருளைக் குறைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரும் இது போன்ற காவலாளிதான். விலை குறைந்த அது முதலில் உடைந்து, விலை உயர்ந்த மோட்டாரைக் காப்பாற்றுகிறது.

வாட் சொல்வதும் சொல்லாததும்

இப்போது பெட்டியிலுள்ள எண்ணுக்கு வருவோம். 500 வாட் என்பது அந்த மிக்சி முழுச் சுமையில் மின்கம்பியிலிருந்து வாங்கிக் கொள்ளும் திறன். பிளேடு உங்கள் சட்னிக்குக் கொடுக்கும் திறன் அன்று. வாங்கியதில் ஒரு பகுதி கம்பிச் சுருளில் வெப்பமாகிறது. ஒரு பகுதி கார்பன் பிரஷ்ஷின் உராய்விலும் பொறியிலும் போகிறது. இன்னொரு பகுதி காற்றைக் கலக்குவதிலும் இரைச்சலிலும் செலவாகிறது. மீதிதான் பிளேடுக்கு. ஒருவர் சாப்பிடும் அளவை வைத்து அவர் செய்யும் வேலையை அளக்க முடியுமா? வாட்டும் அப்படித்தான்.

மின்கட்டணத்தை நினைத்துப் பயப்படவும் வேண்டியதில்லை. 500 வாட் மிக்சியை நாளொன்றுக்குப் பத்து நிமிடம் முழுச் சுமையில் ஓட்டினாலும் 30 நாளில் ஆவது 2.5 யூனிட்தான். மேலும், 750 வாட் மிக்சியில் அதே சட்னியை அரைத்தால் அது ஒன்றரை மடங்கு மின்சாரம் எடுத்துவிடாது. பிளேடுக்கு எவ்வளவு தடை இருக்கிறதோ அதற்கேற்பவே மோட்டார் மின்சாரத்தை வாங்கும்.

அப்படியானால் அதிக வாட்டினால் பயனே இல்லையா? உண்டு. அது சேமித்து வைத்த வலிமை போன்றது. கனமான சுமை வரும்போது மோட்டார் திணறாமல் ஓடும். அதே வேலையில் குறைவாகச் சூடேறும். அந்த வலிமை உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

இரண்டு சூழ்நிலைகளில் தேவைப்படும். முதலாவது, குறைந்த மின்னழுத்தம். டிரான்ஸ்பார்மருக்கு வெகு தொலைவில் கடைசிக் கம்பத்தில் உள்ள வீடுகளில், வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில், 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட்தான் வரும் என்க. திறன் ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்து மாறும். 180ஐ 230ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.61. ஆகவே 500 வாட் மிக்சி அங்கே 305 வாட் மிக்சியாகிவிடும். 750 வாட் மிக்சிக்கு 460 வாட்டாவது மிஞ்சும். சமைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு மின்விசிறி வழக்கத்தை விட மெதுவாகச் சுற்றுகிறதா என்று கவனித்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இரண்டாவது சூழ்நிலை, இட்லி மாவு.

இட்லி மாவும் வெப்பமும்

மிக்சியில் அரைத்த மாவைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். ஏன்? பிளேடு கொடுத்த இயக்க ஆற்றல் அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது.

கணக்கிடுவோம். முக்கால் கிலோ மாவு. பிளேடு தரும் திறன் 250 வாட். அரைக்கும் நேரம் 3 நிமிடம். ஆற்றல் 250 × 180 = 45,000 ஜூல். மாவில் தண்ணீர் அதிகம். அதன் தன்வெப்பத்தைக் கிலோவுக்கு 3500 ஜூல் என்று கொள்ளலாம். 0.75 × 3500 = 2625. 45,000ஐ 2625ஆல் வகுத்தால் 17 டிகிரி. 30 டிகிரியில் இருந்த மாவு 47 டிகிரிக்குப் போகும். ஜாரும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக் கொள்வதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையலாம். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையே உகந்தது. அதிகச் சூடு அவற்றுக்கு ஆகாது. மிக்சியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீர் ஊற்றி, விட்டு விட்டு அரைப்பதன் காரணம் இதுவே.

கிரைண்டரில் என்ன நடக்கிறது? மேஜைமேல் வைக்கும் சிறிய கிரைண்டரின் மோட்டார் 150 வாட் அளவுதான். அரை மணி ஓடினால் 0.075 யூனிட். 500 வாட் மிக்சியில் அதே மாவை மூன்று தடவையாக மொத்தம் 9 நிமிடம் அரைத்தாலும் கிட்டத்தட்ட அதே 0.075 யூனிட்! வாட்டில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. மின்சாரச் செலவில் வேறுபாடே இல்லை. வாட் என்பது ஆற்றல் அன்று, ஆற்றல் செலவாகும் விகிதம் என்று வகுப்பில் படித்தது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. கிரைண்டரில் அந்த ஆற்றல் அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறங்குகிறது. கனமான கற்கள் வெப்பத்தை வாங்கிக் கொள்கின்றன. திறந்த பாத்திரம் காற்றுக்கு விடுகிறது. அதனால் மாவு அதிகம் சூடாவதில்லை. கல், உளுந்தை வெட்டாமல் தேய்த்து மடித்துக் காற்றை உள்ளே சேர்ப்பதால் மாவு பொங்கியும் வருகிறது.

ஆகவே, வீட்டில் கிரைண்டர் நல்ல நிலையில் இருந்தால், மிக்சியின் மிகக் கடினமான வேலை அதன் தோளிலிருந்து இறங்கிவிட்டது. காய்ந்த மஞ்சள், அரிசி மாவு போன்றவற்றுக்கு மாவு மில் இருக்கவே இருக்கிறது. அதற்குப் பின் மிக்சிக்கு எஞ்சுவது சட்னி, துவையல், மசாலா, சிறிது பொடி வகைகள்.

ஜாரின் வடிவம்

வாட்டை விட அதிகமாகக் கவனிக்க வேண்டியது ஜார். நான்கு பேருக்கு மல்லாட்டைச் சட்னி 200 மில்லிலிட்டர் இருந்தால் போதும். அடிப்பகுதி 12 செ.மீ. விட்டமுள்ள பெரிய ஜாரில் அதை ஊற்றினால் உயரம் 2 செ.மீ. கூட வராது. பிளேடு பாதி காற்றில் சுற்றும். பட்ட பொருளையும் சுவர்ப்பக்கம் வீசிவிடும். 8 செ.மீ. விட்டமுள்ள சட்னி ஜாரில் அதே சட்னி 4 செ.மீ. உயரம் நிற்கும், பிளேடு முழுதும் மூழ்கும். 500 வாட் மிக்சியும் சிறிய ஜாரும் சேர்ந்து, 1000 வாட் மிக்சியும் பெரிய ஜாரும் செய்ய முடியாத வேலையைச் செய்துவிடும்!

ஜாரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக வரம்புகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக அல்ல. அவை இல்லாவிட்டால் சட்னி முழுவதும் பிளேடோடு சேர்ந்து ராட்டினம் போல் சுற்றும். சேர்ந்து சுற்றினால் மோதல் ஏது? வரம்புகள் அந்தச் சுழற்சியைத் தடுத்துப் பொருளை மறுபடியும் நடுவுக்குத் தள்ளுகின்றன.

மல்லாட்டையை ஒட்டி ஒரு குறிப்பு. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'டி.எம்.வி.' என்று தொடங்கும் வேர்க்கடலை வகைகளின் பெயரில் ஒளிந்திருப்பது திண்டிவனம்தான். வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். தண்ணீர் விடாமல் தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் வெளிவந்து பருப்பு பசையாகிச் சுவரில் ஒட்டும். பொடியாக வேண்டுமானால் விப்பர் பக்கம் திருப்பி விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் பெரிய துண்டுகள் கீழே விழுந்து பிளேடுக்கு அகப்படும்.

புட் பிராசசர் வேண்டுமா?

நறுக்குவதும் பிசைவதும் மோதல் வேலை அல்ல. அவற்றுக்கு மெதுவான வேகமும் அகன்ற பாத்திரமும் தேவை. சப்பாத்தி மாவை மிக்சி ஜாரில் போட்டுப் பிசையப் பார்த்தால் பிளேடு சிக்கி நிற்கும், மோட்டாருக்கு ஆபத்து. புட் பிராசசரில் வேகத்தைக் குறைக்கப் பல்சக்கரமோ பட்டையோ இருக்கும். பிசைவதற்குத் தனிப் பிளேடும் நறுக்குவதற்குத் தட்டுகளும் இருக்கும்.

நல்ல கருவிதான். ஆனால் கால் கிலோ பீன்ஸை அரிவாள்மனையில் நறுக்கும் நேரத்தையும், கருவியைப் பூட்டி, நறுக்கி, கழற்றி, நான்கைந்து பாகங்களைக் கழுவி வைக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் பெரும்பாலும் அரிவாள்மனையே வெல்லும். தினமும் இரவில் சப்பாத்தி செய்யும் வீடு, கை மூட்டு வலியால் நறுக்க முடியாதவர் சமைக்கும் வீடு, பத்துப் பேருக்குச் சமைக்கும் வீடு ஆகியவற்றில் கணக்கு மாறும். அங்கே அது ஆடம்பரம் அன்று. வெங்காயம் நறுக்குவது மட்டுமே கஷ்டம் என்றால், கயிறு இழுத்துச் சுழற்றும் சிறிய கைக்கருவி போதும். அதற்கு மின்சாரமே வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? வீட்டு மிக்சிகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4250. முத்திரையின் அருகே இந்த எண்ணைத் தேடுங்கள்.

2. பிளக் மூன்று முனை உள்ளதா? மூன்றாவது முனை நில இணைப்புக்கு உரியது. ஈரக் கையோடு வேலை நடக்கும் இடம் அடுக்களை. உள்ளே காப்பு கெட்டால், கசியும் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக இதுவே வழி. வீட்டுச் சுவரிலுள்ள மூன்றாவது துளை வெறும் துளையாக இல்லாமல் உண்மையில் மண்ணோடு இணைந்திருக்கிறதா என்று மின்பணியாளரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு முனை பிளக் என்றால், இரட்டைக் காப்பைக் குறிக்கும் சதுரத்துக்குள் சதுரக் குறி உடலில் இருக்க வேண்டும்.

3. ஓட்டும் நேரம் என்ன? பல மிக்சிகளில் "5 நிமிடம் ஓட்டு, 2 நிமிடம் நிறுத்து" என்பது போல் குறித்திருப்பார்கள். 30 நிமிடம் என்று போட்டிருந்தாலும் அது இப்படி இடைவெளி விட்டுத்தான். நிறுத்தும் நேரம் மோட்டார் மூச்சு வாங்கும் நேரம்.

4. சட்னி ஜார் எவ்வளவு சிறியது? பிளேடு அடிப்பாகத்தை ஒட்டி இருக்கிறதா? ஜாரைக் கவிழ்த்து, கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் சுழல வேண்டும்.

5. கார்பன் பிரஷ், கப்ளர், புஷ், வாஷர் ஆகியவை திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கிடைக்குமா? தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள் இவை. கிடைக்காவிட்டால், சில ரூபாய்ப் பொருளுக்காக மிக்சி முழுவதும் மூலையில் உட்கார்ந்துவிடும்.

வாங்கிய பின் இரண்டு எச்சரிக்கைகள். கொதிக்கும் குழம்பையோ வெந்த தக்காளியையோ ஆற வைக்காமல் மூடி அரைக்காதீர்கள். பிளேடு கலக்கியதும் ஆவி குபீரென்று பெருகி மூடியைத் தூக்கி எறியும். முகத்தில் சூடு தெறிக்கும். ஜாருக்குள் கரண்டியோ கையோ போகுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இனி உங்கள் அம்மாவுக்கு விடை சொல்லலாம். வீட்டில் கிரைண்டர் இருந்து, மின்னழுத்தமும் சரியாக இருந்தால், நல்ல சட்னி ஜாருடன் கூடிய 500 வாட் மிக்சி போதும். மாவும் மிக்சியில்தான் அரைக்க வேண்டும், அல்லது மாலையில் மின்விசிறி தள்ளாடும் என்றால் 750 வாட் வாங்குங்கள். 1000 வாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், இந்த வீட்டைப் பொறுத்தவரை, பெட்டியிலுள்ள எண்ணுக்குக் கொடுக்கும் பணமே.

செய்து பாருங்கள்

வாங்கும் வாட்டில் எவ்வளவு பிளேடு வழியாகப் போகிறது என்று எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. அதை நீங்களே அளக்கலாம். 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர், விழும் எடைகளால் துடுப்பைச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கினார். கலக்கும் வேலை வெப்பமாக மாறுவதை அளந்து காட்டினார். அவருடைய கருவிதான் உங்கள் அடுக்களையில் மிக்சியாக நிற்கிறது! பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

பெரிய ஜாரில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் அதன் வெப்பநிலையைக் குறித்து, வெப்பமானியை வெளியே எடுத்துவிடுங்கள். வீட்டிலுள்ள மற்ற மின்கருவிகள் அனைத்தையும் நிறுத்துங்கள். மின்மீட்டரில் ஒரு சிறு விளக்கு சிமிட்டிக் கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். 3200 என்றிருந்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். மூடியை இறுக மூடி மிக்சியைச் சரியாக ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அதே நிமிடத்தில் உங்கள் நண்பர் சிமிட்டல்களை எண்ணட்டும். நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மறுபடி வெப்பநிலையைக் குறியுங்கள்.

எடுத்துக்காட்டாக, 12 சிமிட்டல் என்றால் மிக்சி வாங்கியது 13,500 ஜூல். தண்ணீர் 3 டிகிரி சூடேறியிருந்தால் அது பெற்றது 0.5 × 4200 × 3 = 6300 ஜூல். அப்படியானால் பயன்திறன் 47 விழுக்காடு. ஜாரும் சிறிது வெப்பத்தை எடுத்துக் கொள்வதால் உண்மை மதிப்பு இதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். இது தண்ணீருக்கான மதிப்பு. இறுகிய துவையலுக்கு வேறாக வரும். ஒவ்வொரு முறையும் மோட்டாரை நன்றாக ஆறவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பக்கத்து வீட்டு 750 வாட் மிக்சியிலும் இதே சோதனையைச் செய்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது அதிகம் வாங்குகிறது, எது அதிகம் கொடுக்கிறது என்பது அப்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.